மூன்றாவது கையெழுத்து

போன வருஷம் எங்கள் கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் அச்சடித்தார்கள். பளபளப்பான தாள். முதல் பக்கத்தில் தாத்தா. அடுத்த பக்கத்தில் அப்பாவும் சித்தப்பாவும் கோட் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒரே ஒரு லாரியில் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்வந்த தாத்தா, லாரியோடு மரப்பெட்டித் தொழிலைச் சேர்த்த அப்பா, பஸ்ஸும் லேடீஸ் ஹாஸ்டலும் கல்யாண மண்டபமும் கொண்டுவந்த சித்தப்பா என்று வரலாறு போகிறது. கேன்டீனுக்கு ஒரே ஒரு வரிதான். ‘காலத்தின் தேவையை உணர்ந்து உணவுத் துறையிலும் கால்பதித்தோம்.’

கால்பதித்தது என் அத்தை. அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. மலரில் அவள் படம் இல்லை.

அத்தைக்குக் கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷன் செத்துப்போனார். ஒரு டிரங்குப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்போதுதான் எங்கள் நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போயிருந்தது. இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஃபேக்டரிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. சாரம் கட்டுகிறவர்கள், வெல்டர்கள் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த ஆட்களுக்கு மதியச் சோறு கிடைக்கவில்லை. அத்தை இரண்டு தேக்சாவில் சோறும் ஒன்றில் சாம்பாரும் வடித்து, தாத்தாவின் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த மாதம் நான்கு தேக்சா. கட்டடம் முடிந்து ஃபேக்டரி ஓடத் தொடங்கியபோது கேன்டீன் எங்களுக்கே கிடைத்தது. அந்தப் பழக்கத்தில்தான் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் கான்ட்ராக்ட் கேட்டார் சித்தப்பா. பஸ்ஸை வைத்து ஹாஸ்டல். அப்பாவின் மரப்பெட்டிகளும் அதே கேட் வழியாகத்தான் உள்ளே போயின. ஒவ்வொரு புதுத் தொழிலுக்கும் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபம் செய்வார். அவர் போனதும் டிரைவர்கள் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசணிக்காய் உடைப்பார்கள். எதிலும் குறை வைத்ததில்லை.

தாத்தா ஒரு நியாயம் செய்தார். சாகும் முன் கம்பெனியை மூன்று பேருக்கும் சம பாகமாக எழுதினார், மகளையும் சேர்த்து. கூடவே ஒரு நிபந்தனையும் எழுதிவைத்தார். மூவரில் யார் விலகினாலும், மற்ற இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிற ரத்த சொந்தம் ஒருவர் அந்த இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் கம்பெனியைக் கலைத்துவிட வேண்டும். பிள்ளைகள் சண்டை போட்டுப் பிரிந்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பார். அவர் நினைத்தது நடந்தது. யாரும் பிரியவில்லை. பிரியவும் முடியவில்லை.

பெரிய ஃபேக்டரிகள் எங்களை ஒரு நம்பரை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தன. வெண்டர் நம்பர் என்பார்கள். பெட்டி, பஸ், சாப்பாடு, ஹாஸ்டல் எல்லாமே அந்த ஒரு நம்பரில்தான் ஓடின. ‘ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஆடிட்டர் தலையை ஆட்டுவார். பிரித்தால் நம்பர் செத்துவிடும். புதிதாக நம்பர் வாங்குவதற்குள் நான்கு பேர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். ஆகவே சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே போகிற ரோட்டில், ஒரே காம்பவுண்டுக்குள், பஸ் ஷெட்டையும் பெட்டி பட்டறையையும் சுற்றி எங்கள் வீடுகள். ஒரே கேட், அதில் ஒரு செக்யூரிட்டி. நான் சர்ச்சுக்குப் போனாலும் மீன் வாங்கப் போனாலும் சித்தப்பா வீட்டு பால்கனியிலிருந்து தெரியும். யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் வரும் கேள்வி, “அப்போ ஷிஃப்ட் யாரு பாக்கறது?”

நான் அப்பாவுக்கு ஒரே மகள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அத்தைதான் வளர்த்தாள். தாவரவியல் படித்தேன். கணக்கு வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டு ஏற்காட்டில் ஒரு போர்டிங் ஸ்கூல் குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்றபோது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மூன்று மாதம் என்று சொல்லித்தான் வந்தேன். ஹாஸ்டலில் வார்டன் நின்றுவிட்டார், அதைப் பார்த்தேன். பஸ் ரூட் போடுகிறவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், அதையும் பார்த்தேன். எட்டு வருஷம் ஓடிவிட்டது. கணவர் லீவுக்கு லீவு வந்து போனார். மகள் அவரைப் பார்த்ததும் முதல் அரை நாள் என் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

அந்த வருஷம் அவருடைய பள்ளியில் தாவரவியல் டீச்சர் ரிட்டயர் ஆனார். எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஜூன் மாதம் சேர வேண்டும். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, “போ. எத்தினி நாளு இங்கியே இருப்பே” என்றார். நான் பெட்டி கட்டத் தொடங்கினேன். பாசி, பெரணி இலைகளெல்லாம் ஒட்டிவைத்த என் காலேஜ் நோட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டினேன்.

ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை அத்தை காணாமல்போனாள்.

காணாமல்போனாள் என்று சொல்வது சரியில்லை. செக்யூரிட்டியிடம், “நான் போறேம்ப்பா, தேட வேணாம்னு சொல்லிடு” என்று சொல்லிவிட்டு, ஒரு கட்டைப்பையோடு ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறிப் போயிருக்கிறாள். அதற்கு முன் ஒரு மாதம் அவள் வேலைக்கு வரவில்லை. கண்புரை ஆபரேஷன். அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தன் ரூமில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். மாதம் முடிந்து கண்ணாடியைக் கழற்றிய மறுநாள் போய்விட்டாள்.

முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “வேளாங்கண்ணி போயிருக்கும்” என்றார் சித்தப்பா. இரண்டாவது வாரம் ஃபேக்டரியிலிருந்து ஒரு மெயில் வந்தது. வெண்டர் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பங்குதாரர்கள் மூன்று பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மே மாதக் கடைசிக்குள்.

அன்று மதியம் அப்பாவும் சித்தப்பாவும் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள்.

“எங்க கீதுன்னு உனக்குத் தெரியும். தெரியாதுன்னு மட்டும் சொல்லாத” என்றார் சித்தப்பா.

தெரியும். ஹாஸ்டல் சமையல்கார அம்மா சொல்லியிருந்தார். குன்றத்தூரில் மலைக்குக் கீழே ஒரு மாடி ரூம்.

“போய் கூட்டிட்டு வா” என்றார் அப்பா. “வரலன்னா…”

அவர் முடிக்கவில்லை. சித்தப்பா முடித்தார். “எம் பையன அந்த எடத்துல வெச்சா உங்கப்பா ஒத்துக்கமாட்டாரு. அவர் சொல்ற ஆளுங்கள நான் ஒத்துக்கமாட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் சரின்னு படறது ஒரே ஆளுதான். நீ அக்கா மாதிரி. யாரு பக்கமும் சாயமாட்டே.”

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குப் பாதி கட்டிய பெட்டி ஞாபகம் வந்தது.

ஆடிட்டர் இரண்டு காகிதங்கள் கொடுத்தார். ஒன்று அத்தை திரும்பி வந்தால் கையெழுத்திட வேண்டிய படிவம். இன்னொன்று அத்தை விலகிக்கொள்வதாக எழுதிய பத்திரம். “இது சும்மா ஒரு சேஃப்டிக்கு. காட்டாமலே வந்தாலும் சரி” என்றார்.

காரில் போகவில்லை. டிரைவர் இடத்தைச் சொல்லிவிடுவார். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறிக் குன்றத்தூரில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சொன்ன அடையாளத்தில் வீடு இருந்தது. மாடிப்படியில் ஏறும்போதே அத்தை பார்த்துவிட்டாள்.

“உன்னியா அனுச்சாங்க?”

“நானாத்தான் வந்தேன்.”

“பொய் சொல்லாத. செருப்ப மேலயே வுடு. கீழ வுட்டா ஓனரம்மா கத்தும்.”

ஒரு ரூம், ஒரு மூலையில் ஸ்டவ். கொடியில் இரண்டு புடவை. சுவரில் மாதா படம், அதற்கு நேர் எதிரே ஜன்னலில் முருகன் கோயில் கோபுரம். “முருகன் மலைக்கு அடியில வந்து குடியிருப்பேன்னு நம்ம பங்குல எவனுக்காவது தோணுமா? அதான் இங்க வந்தேன்” என்று சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. கேன்டீனில் வாயைத் திறந்தால் திட்டுத்தான் வரும்.

சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. இருபது வருஷமாக ஆயிரக்கணக்கான பேரைக் கேட்ட கேள்வி அது. அதற்குப் பதிலாக, “வா, பஸ்ல போலாம்” என்றாள்.

“எங்க?”

“எங்கியாச்சும். எனக்கு ஃப்ரீ. அறுபது முடிஞ்சிடுச்சில்ல, டோக்கன் குடுத்துகீறாங்க. தெனம் ஒரு பஸ்ல ஏறிக் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போய்ட்டு வரேன். நம்ம வூட்ல அத்தினி பஸ்ஸு நிக்குது. ஒரு நாளாவது அதுல ஏறி ஜன்னலோரம் ஒக்காந்திருக்கேனா சொல்லு.”

தாம்பரம் பஸ்ஸில் ஏறினோம். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் கையை வைத்துக்கொண்டு கடைகளின் போர்டுகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தாள். ஆபரேஷன் ஆன கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். பல்லாவரம் நெருங்கும்போதுதான் கேட்டேன்.

“ஏன் அத்தை, சண்டையா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. கண் டாக்டரு கேட்டாரு, ‘தூரத்துல எதெல்லாம் மங்கலா தெரியுது’ன்னு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. தூரத்துல நான் இன்னாத்த பாத்தேன்? அப்புறம் ஒரு மாசம் சும்மா இருன்னாரு. இருந்தேன். மொத வாரம் பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்துச்சு. காலைல மூணு மணிக்கு ஒடம்பு தானா எழுந்துக்குது. ரெண்டாவது வாரம் அஞ்சு மணி வரைக்கும் தூங்குனேன். மூணாவது வாரம் மழை பெய்யறத ஒக்காந்து பாத்தேன். அப்புறம் திரும்பிப் போய் அந்த அடுப்பாண்ட நிக்கணும்னு நெனச்சா கால் நகரல. அவ்ளோதான்.”

கண்டக்டர் வந்தார். அத்தை டோக்கனை எடுத்துக் கொடுத்தாள், பெருமையோடு.

“சரி, இப்ப இன்னா கேக்கறாங்க?” என்றாள்.

வெண்டர் பதிவைப் பற்றிச் சொன்னேன். அவள் ஜன்னலைவிட்டு என் பக்கம் திரும்பினாள். கணக்கு அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. நிபந்தனை எழுதும்போது தாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

“நான் வரலன்னா யாரு கையெழுத்து?”

அந்த இடத்தில் நான் எதுவும் யோசித்ததாக ஞாபகமில்லை. பின்னாளில் எவ்வளவோ யோசித்திருக்கிறேன். அப்போது பார்த்தது அவள் கையைத்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எண்ணெய் தெறித்த புள்ளிகள். என் காய்ச்சலுக்கு நெற்றியில் வைத்த கை.

“யாரும் வேணாம் அத்தை. ஆடிட்டர் ஏதோ வழி பார்த்துட்டாரு. அப்பாவும் சித்தப்பாவுமே போதுமாம். நீ விலகிக்கறேன்னு மட்டும் எழுதிக் குடுத்தா சரியாம்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“நீ ஜூன் மாசம் ஏற்காடு போற இல்ல?”

“போறேன்.”

அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். நம்பினாளா, நம்ப விரும்பினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தாம்பரத்தில் இறங்கி, ஒரு டீக்கடை பெஞ்சில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினாள். எழுதி முடித்ததும் பேனா மூடியைக் காணோம் என்று இரண்டு பேரும் பெஞ்சுக்கு அடியில் தேடினோம். அது அவள் மடியிலேயே இருந்தது.

மே கடைசி வாரம் நான் ஃபேக்டரிக்குப் போய் மூன்றாவது கையெழுத்தைப் போட்டேன். ஏசி ரூமில் ஒரு சின்னப் பெண், கழுத்தில் ஐடி கார்டு, “மேம், இங்க, இங்க, அப்புறம் இங்க” என்று விரல் வைத்துக் காட்டினாள். ஏழெட்டு இடம். முடிந்ததும் அப்பா என் தோளைத் தட்டினார். சித்தப்பா ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். அன்று சாயங்காலமே கேன்டீன் கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று எனக்கு போன் வந்தது. அத்தையின் நம்பருக்குப் போக வேண்டிய போன்களெல்லாம் அன்றிலிருந்து எனக்கு வரத் தொடங்கின.

கணவரிடம் போனில்தான் சொன்னேன். அவர் கத்தவில்லை. “அவங்களுக்கு வழி விட்டே. சரி. எனக்கு யாரு விடுவாங்க?” என்று கேட்டார். இரண்டு வருஷம் அப்படியே போனது. அப்புறம் கொரோனா வந்து பள்ளியை மூடினார்கள். சம்பளம் பாதியாகி, பிறகு நின்றது. ஒரு நாள் அவர் புத்தகப் பெட்டிகளோடு எங்கள் கேட்டுக்குள் வந்து நின்றார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். செக்யூரிட்டி ரெஜிஸ்டரை நீட்டி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது அது வரவில்லை. இப்போது பஸ்களின் டீசல், டயர், எஃப்.சி. எல்லாம் அவர்தான் பார்க்கிறார். நன்றாகவே செய்கிறார். சித்தப்பா அவரை வாய்க்கு வாய் “மாப்ள, மாப்ள” என்கிறார். அவர் சாக்பீஸ் பிடித்த கையைவிட்டு கிரீஸ் போகவே மாட்டேன் என்கிறது.

அத்தைக்கு உண்மை தெரிய எட்டு மாதமானது. ஹாஸ்டல் சமையல்கார அம்மாதான் சொல்லியிருக்கிறார். நான் குன்றத்தூர் போனபோது கதவைத் திறந்தவள் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை.

“பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கிகீற. உங்கப்பன் பண்ணாத வேல.”

“நீ வந்துடுவியோன்னு பயந்தேன் அத்தை.”

“வந்திருப்பேன்டி. அதான் சொல்றேன். வந்திருப்பேன். இப்போ நான் ஜன்னலோரம் ஒக்காந்தா உன் மூஞ்சிதான் தெரியுது. உன்ன யாரு எனக்கு இந்தப் புண்ணியத்த பண்ணச் சொன்னது?”

நான் படியில் உட்கார்ந்து அழுதேன். அவளும் வாசலிலேயே நின்று அழுதாள். ஓனரம்மா கீழேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அத்தை உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நான் இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, உண்மை தெரிந்துவிட்டது, இனி அத்தை வந்துவிடுவாள் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை துளிர்த்தது. ஒரு வாரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைப்பையோடு அவள் இறங்குவாள், பத்திரத்தை மாற்றி எழுதலாம், நான் போகலாம். அவள் வரவில்லை. அழுதாள், திட்டினாள், ஆனால் வரவில்லை. சில ராத்திரிகள் அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபத்துக்காக வெட்கப்பட்டேன். இப்போது இரண்டும் இல்லை. மாதம் ஒரு முறை போகிறேன். இரண்டு பேரும் கம்பெனியைப் பற்றிப் பேசுவதில்லை.

போன மாதம் இன்னொன்று நடந்தது. கம்பெனியைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கப்போகிறார்கள். சித்தப்பா வரைவை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று கிளை, ஒவ்வொன்றுக்கும் அடுத்த வாரிசு. அப்பா கிளைக்கு, சித்தப்பா வீட்டு ஆளும் வேண்டாம், வெளியாளும் வேண்டாம் என்று நீண்ட பேச்சுக்குப் பிறகு என் கணவர் பெயரைப் போட்டிருந்தார்கள். என் பெயருக்குக் கீழே, அத்தையிடமிருந்து எனக்கு வந்த கிளையில், என் மகளின் பெயர் டைப் அடிக்கப்பட்டிருந்தது. அவளுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது.

நான் பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்தேன். ஒரு கோடு இல்லை, நாலைந்து கோடு. காகிதம் கிழிந்துவிட்டது.

சித்தப்பா கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அப்போ உனக்கப்புறம் யாரு?” என்று கேட்டார்.

“யாரும் இல்ல. என்னோட முடியட்டும்.”

உள்ளே ரூமிலிருந்து மகள் வந்தாள். பேசியதைக் கேட்டிருக்கிறாள். மேஜைமேல் கிடந்த காகிதத்தை எடுத்து, கிழிந்த இடத்தைப் பார்த்தாள்.

“ஏம்மா அடிச்சே?”

“இது உனக்கு வேணாம்.”

“எனக்கு வேணுமா வேணாமான்னு நீ கேக்கவே இல்லியே. எனக்குப் புடிச்சிருக்கு. பஸ் ரூட்டெல்லாம் ஆப்ல கொண்டுவரணும், ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு லைப்ரரி போடணும். நான் எழுதியே வெச்சிருக்கேன்.” காகிதத்தை மேஜைமேல் போட்டாள். “உனக்கு ஜெயிலுன்னா எனக்கும் ஜெயிலா?”

அவள் பஸ் படிக்கட்டில் விளையாடி வளர்ந்தவள். டிரைவர்களை எல்லாம் மாமா என்று கூப்பிடுகிறவள். ஏற்காட்டு மூடுபனி அவளுக்கு ஞாபகமே இல்லை. நான் எதிலிருந்து அவளைக் காப்பாற்றப் பார்த்தேனோ அது அவளுக்கு ஊர்.

சித்தப்பா எழுந்து போய்விட்டார். போகும்போது அவர் முகத்தில் வெற்றி தெரிகிறதா என்று பார்த்தேன். இல்லை. களைப்பாகத்தான் இருந்தார். அவரும் ஒரு காலத்தில் எங்காவது போக நினைத்திருப்பாரோ என்று எனக்கு அன்றுதான் முதல்முறையாகத் தோன்றியது. இத்தனை வருஷத்தில் நான் அவரைக் கேட்டதே இல்லை.

மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஆடிட்டர் போன் செய்து, புது வரைவு அனுப்பட்டுமா, பெயரோடா, பெயர் இல்லாமலா என்று கேட்டார். மகள் எதிரே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“காலேஜ் முடிக்கட்டும். அப்புறம் அவளையே கேளுங்க” என்றேன்.

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் நான் இருக்கேன்.”

போனை வைத்துவிட்டு அவளுக்கு இன்னொரு தோசை ஊற்றப் போனேன்.